பெரட்டில் பெயர் கூப்பிட்ட காலமும் அதன் பிறகும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அவையில் இடையிடையே சொல்லப்பட்டவை அச்சுக்காகச் சுருக்கப்பட்டுள்ளன.)



இந்த அவையில் அறுபதைக் கடந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பொழுது விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் பேரேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். யார் வந்தார், யார் வரவில்லை, வராதவருக்குக் காய்ச்சலா, பிள்ளைப்பேறா, நேற்றிரவு லயத்து வரிசை வீடுகளில் சண்டையா என்பதெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். கூலிக் கணக்குக்காகத்தான் பெயர் கூப்பிட்டார்கள். அதில் அன்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓர் ஆள் ஒரு நாள் காணாமற்போனால் அது யாராவது ஒருவருக்குத் தெரிந்தது.

தோட்டம் கைமாறி ஆட்களை நிறுத்திய அன்று அந்தப் பேரேட்டை மூடினார்கள். பிறகு அந்தப் பெயர்களைக் கூப்பிட ஆள் இல்லை.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டத் தோட்டங்களில் வீட்டை இழந்தவர்களுக்கும் இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் உதவி ஏன் போய்ச் சேருவதில்லை என்பதே இன்றைய கேள்வி. இந்த உரை சொல்லவரும் விடை ஒன்றே. உதவிகள் பல இருக்கின்றன. அவற்றை ஒரே ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெயர்ப்பட்டியல்தான் இல்லை. எந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று குறித்துக் காட்டும் வரைபடத்தால் பயன் சிறிது. ஆட்களின் பெயரை முதலில் எழுதி, ஒவ்வொரு பெயரைச் சுற்றியும் உதவிகளைக் குறிக்கும் வரைபடம் வேண்டும்.

1. தோட்டம் ஒன்றாய்க் கோத்து வைத்திருந்தது

பத்தாங் பெர்ஜுந்தை என்று நம்மவர்கள் இன்றும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் தென்னைமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழ். 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே அங்கேதான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. உலகச் சந்தையை நிரப்பிய மலேசியச் செம்பனை எண்ணெயின் கதை கோல சிலாங்கூர் மண்ணில், தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில் தொடங்கியது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தத் தோட்டங்கள் வேலையிடம் மட்டுமாக இருக்கவில்லை. லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், டிரசர் இருந்த மருந்தகம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், கடனுக்குச் சாமான் தந்த கடை எல்லாம் நடந்தே போய்விடும் தொலைவில் இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. வசதிகள் பெரும்பாலும் தரம் குறைந்தவை. ஆளைத் தோட்டத்திலேயே கட்டிப்போடுவதற்காகச் செய்யப்பட்டவை. அந்த வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவது, அதில் உழைத்துத் தேய்ந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆயினும் அமைப்பு என்ற அளவில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இன்று ஏழெட்டு இலாகாக்கள் தனித்தனியே செய்வதைத் தோட்டம் ஒரே இடத்தில் கோத்து வைத்திருந்தது.

அதனால் தோட்டம் போனபோது கூரையோடு சேர்த்து அத்தனையும் ஒரே நாளில் அறுந்தது. வேலையும் வீடும் ஒன்றாயிருந்த குடும்பத்துக்கு வேலை நீக்கக் கடிதமே வீட்டைக் காலிசெய்யும் கடிதமும் ஆயிற்று.

இது முதல் முறை நடந்ததும் அல்ல. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுக் கிளம்பியபோது நடந்த தோட்டத் துண்டாடலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மறுமொழியாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கவனிக்க வேண்டியது அவர்கள் போன வழியை. லயத்து வாசலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதித்தான் அந்தச் சங்கம் வளர்ந்தது.

இரண்டாம் அலை 1980களிலும் 90களிலும் வந்தது. அதற்குக் காரணம் நிலத்தின் விலை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ரவாங்குக்கு வடக்கே ரப்பர்க் காடாக இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் மூன்று லட்சம் பேர் வரை தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர் என்பது ஆய்வாளர்கள் பலர் எடுத்தாளும் மதிப்பீடு. அத்தனை பேரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பெயர்வாரியாக எழுதிவைத்த ஏடு எந்த இலாகாவிலும் இல்லை.

2. சட்டம் எதைக் கணக்கிட்டது

1980ஆம் ஆண்டின் வேலைநீக்க இழப்பீட்டு விதிகள் தெளிவானவை. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓராண்டுக்கு இருபது நாள் கூலி. முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு 600 நாள் கூலி வரும். தோட்டக் கூலி அன்று இருந்த நிலையில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் கணக்கில் வீட்டுக்கு இடமே இல்லை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1966 முதலே சட்டம் வகுத்திருக்கிறது. 1990இல் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் அது வேலையில் இருக்கும்வரை குடியிருப்பின் தரத்தைப் பார்க்கிறது. வேலை போன மறுநாள் அந்த மனிதர் எங்கே படுப்பார் என்ற கேள்வி அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் கிராம மேம்பாட்டுப் பணம் நெடுங்காலம் தோட்ட வாசலோடு நின்றது. சாலையும் மண்டபமும் பக்கத்துக் கம்பத்துக்குப் போயின, லயத்துக்கு வரவில்லை. இலங்கை மலையகத்தில் இதே கதை எழுத்திலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாக நின்றது. அதைத் திருத்த 2018வரை ஆயிற்று. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே வேலை செய்த மக்கள், ஒரே காரணத்தால் உள்ளாட்சியின் கணக்கில் வராமற்போனார்கள்.

3. யார் வீடற்றவர்?

வீடற்றவர் என்றதும் நம் மனத்தில் கோலாலம்பூர் ஐந்தடிப் பாதையில் அட்டை விரித்துப் படுத்திருப்பவர் வருகிறார். அரசின் பார்வையும் அப்படித்தான் பழகியிருக்கிறது. 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் தெருவில் அலைபவரை, பிச்சை எடுப்பவரைப் பற்றியது. நல அதிகாரி அப்படிப்பட்டவரை அழைத்துப்போய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட் அவரை மூன்றாண்டுவரை காப்பகத்தில் வைக்க ஆணையிடலாம். 2014 ஜூலையில் புக்கிட் பிந்தாங் சுற்றுவட்டத்தில் இரண்டு கிலோமீட்டருக்குள் இலவச உணவு வழங்கக் கூடாது என்று சொல்லப்பட்டபோது நாடே விவாதித்தது. தலைநகரில் அதன் பின் இடைத்தங்கல் மையமும் வந்தது.

வட சிலாங்கூரில் வீடின்மைக்கு வேறு முகம். ஐரோப்பாவில் வீடற்றோருக்காக உழைக்கும் அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபெயான்சா 2005இல் வகுத்த பாகுபாடு இங்கே உதவும். கூரையே இல்லாதவர், கூரை இருந்தும் வீடு என்று சொல்ல முடியாதவர், எந்த நேரமும் வெளியேற்றப்படக்கூடியவர், மனிதர் வாழத் தகாத இடத்தில் இருப்பவர் என நான்கு வகை. முதல் வகையைத் தேடிக்கொண்டு புக்கிட் ரோத்தானுக்கோ ஈஜோக்குக்கோ போனால் ஒருவேளை யாரும் கண்ணில் படமாட்டார்கள். மற்ற மூன்று வகையினரும் அங்கேதான் இருக்கிறார்கள். மின்சாரம் எப்போது நிற்குமோ என்று லயத்து வீட்டில் காத்திருக்கும் முதியவர்கள், மகள் வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டில் ஹாலில் படுக்கும் தாய், கோயில் கொட்டகையில் தங்கிக் கோயில் வேலை செய்பவர், காவல் சாவடியையே வீடாக்கிக்கொண்ட பாதுகாவலர். இவர்களை வீடற்றவர் என்று எந்தப் படிவமும் கேட்டதில்லை. அவர்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, மானம் தடுக்கிறது.

4. ஐந்து தோட்டங்களும் 245 வீடுகளும்

மேரி தோட்டம், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக். பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள இந்த ஐந்து பெயர்களும் சிலாங்கூர்த் தமிழர் வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. 1990களில் நிலம் கைமாறியது. வேலை போயிற்று. மாற்று வீடு வரும்வரை நகரமாட்டோம் என்று குடும்பங்கள் நின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றன. பழுது பார்க்க யாருமில்லாத லயத்து வீடுகளில் கூரையைத் தாங்களே தைத்துக்கொண்டு இருந்தார்கள். மலேசிய சோசலிசக் கட்சியும் தோட்டச் சமூக ஆதரவுக் குழுவும் அவர்களோடு மகஜர் கொடுத்தன, அமைச்சு வாசலில் நின்றன. அரசுகள் மாறின, கோரிக்கை மாறவில்லை. அடுக்குமாடி வேண்டாம், தரை வீடு வேண்டும்.

ஏன் தரை வீடு என்று சிலர் கேட்கிறார்கள். டெங்கிலில் தாமான் பெர்மாத்தாவைப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். புத்ராஜெயா நகரம் எழுவதற்காகப் பிராங் புசார், காலவே, மெடிங்லி, செஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களிலிருந்து 400 குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன. சில ஆண்டுகளில் சுவர்களில் வெடிப்பு. நாட்டின் நிர்வாகத் தலைநகருக்கு இடம்விட்ட மக்கள், சரியான வீட்டுக்காக மீண்டும் போராட வேண்டியதாயிற்று. தோட்டத்து முதியவருக்கு வாசலும் நாலு கீரைப் பாத்தியும் அலங்காரமல்ல, அவர் உடலும் மனமும் நடமாடும் இடம் அதுதான்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு 2023இல் விடிவு வந்தது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 245 தரை வீடுகள் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நில உரிமை நிறுவனம் 20 ஏக்கர் தந்தது.

245 என்று ஓர் எண்ணைச் சொல்ல முடிந்ததே எதனால்? யார் யார் என்ற பட்டியல் இருந்ததால். தோட்டத்தை விட்டு நகராமல் நின்ற குடும்பங்களின் பெயர் அழியாமல் இருந்தது. அதே காலத்தில் மனமுடைந்து வெளியேறியவர்கள், ரவாங்குக்கும் காப்பாருக்கும் வாடகை வீடு தேடிப் போனவர்கள், பட்டியலில் தொடர முடியாமற்போனார்கள். ஒரே லயத்தில் பிறந்த அண்ணனுக்கு வீடு, தம்பிக்கு இல்லை என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இருந்தவர்களின் உறுதி இல்லாவிட்டால் ஒரு வீடும் வந்திராது. ஆனால் பெயர் எங்கே எழுதப்பட்டதோ அங்கேதான் வீடு வந்தது என்ற உண்மையை நாம் பார்க்க வேண்டும்.

இதே நிலத்தைப் பற்றி இன்னொரு செய்தி. புக்கிட் தாகாரில் இன்று இருப்பது கோலாலம்பூரின் குப்பையை ஏற்கும் பெரிய நிரப்பிடம். நகரத்தின் ஒவ்வொரு லாரியும் எந்நேரம் எவ்வளவு எடையோடு உள்ளே வருகிறது என்று எழுதிவைக்க அங்கே ஏற்பாடு உண்டு. அதே மண்ணில் பால் வெட்டியவர்களுக்கு அப்படியொரு பதிவேடு இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

5. ஒரு மூதாட்டியின் பாதை

ஒரு கற்பனை செய்வோம். 68 வயதுப் பாட்டி. கணவர் இல்லை. லயத்து வீட்டை இந்த மாதத்துக்குள் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு என்னென்ன உதவி உண்டு?

சமூக நல இலாகா முதியோர் உதவித்தொகை தருகிறது. அதற்குக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வேண்டும், முகவரி வேண்டும். மலிவு விலை வீட்டுக்கு ஷா ஆலமிலுள்ள மாநில வீடமைப்பு வாரியத்தில் பதிய வேண்டும். வாங்க முடியாதவருக்கு வாடகையிலிருந்து தொடங்கும் ஸ்மார்ட் சேவா திட்டமும் அங்கே உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு மாநில அரசு பிங்காஸ் திட்டத்தில் மாதம் 300 வெள்ளி தருகிறது. அதற்குத் தனி விண்ணப்பம், கைப்பேசி வழியாக. வறியோர் என்று பதிய மத்திய அரசின் இகாசே தரவுத்தளம்; அது மாவட்ட அலுவலகம் வழியாக. கணவரின் சேமநிதி ஏதாவது மிச்சமிருந்தால் இ.பி.எப். அவர் வேலையில் இறந்திருந்தால் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். அவசரம் என்றால் 15999 எண்ணில் தாலியான் காசே உதவித் தொலைபேசி.

ஏழு கதவுகள். ஒவ்வொன்றின் பின்னும் நல்லெண்ணமுள்ள ஊழியர் இருக்கக்கூடும். ஆனால் ஒவ்வொரு கதவும் முந்தைய கதவின் தாளைக் கேட்கிறது. முகவரி இழக்கப்போகிறவரிடம் முகவரி கேட்பதுதான் இதில் மிகக் கொடியது. பாட்டி இருப்பது கோல சிலாங்கூர் மாவட்டம். அவர் இருந்த தோட்டத்தின் மறுகோடி உலு சிலாங்கூர். அதன் அலுவலகங்கள் கோல குபு பாருவில். அவர் ஒதுங்கப்போகும் மகன் வீடு கோம்பாக் மாவட்டத்து ரவாங்கில். கோப்பு எந்த மாவட்டத்தில் திறப்பது? மாவட்டம் மாறியதும் பழைய கோப்பு அவரோடு போவதில்லை.

அவர் கையில் இருப்பது, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையாக இருந்தால் பாதி கதவுகள் முதலிலேயே மூடிவிடும். தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்கார இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று 2018 ஜூலையில் அரசு அறிவித்தது. 3,407! அதுவும் பட்டியல் போட்டதால் கிடைத்த எண். பட்டியல் போட முடியாது, தோட்டத்து மக்கள் சிதறிவிட்டார்கள் என்று சொல்பவர்கள் 2007 ஏப்ரலில் நடந்த ஈஜோக் இடைத்தேர்தலை நினைத்துப் பார்க்கலாம். அந்தச் சில வாரங்களில் கட்சிக்காரர்கள் நுழையாத லயம் இல்லை. வாக்குக்காக ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த நாட்டில் வீட்டுக்காகவும் கண்டுபிடிக்க முடியும்.

6. பிற இடங்களில் நடந்தது

பின்லாந்தில் 1980களின் கடைசியில் வீடற்றோர் 18,000க்கும் மேல். 2008இல் முதலில் வீடு, பிறகு மற்றவை என்ற கொள்கையை அரசு கையில் எடுத்தது. குடியை விடு, வேலை தேடு, பிறகு வீடு என்ற பழைய வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். 2020களின் தொடக்கத்தில் எண்ணிக்கை 4,000க்குக் கீழே வந்தது. பணக்கார நாடு, சிறிய மக்கள்தொகை என்று ஒதுக்குபவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம்.

கேரள அரசு 2021இல் மிக வறிய குடும்பங்களை உள்ளாட்சிகள் வழியாகவும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் வழியாகவும் தேடியது. கிடைத்தவை 64,006 குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் எழுதினார்கள்: இவருக்கு மருந்து, அவருக்கு வீடு, இன்னொருவருக்கு முதலில் ரேஷன் அட்டை. தாள்கள் இல்லாதவர்களுக்குத் தாள் எடுத்துக் கொடுப்பதே முதல் வேலையாக நடந்தது. 2025 நவம்பர் 1ஆம் தேதி அதிவறுமை ஒழிந்த மாநிலம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பின் மேல் பொருளியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்; அது நடக்கட்டும். நமக்கு வேண்டியது அந்த வேலையின் முறை. ஆளைக் கண்டு, பெயரெழுதி, அந்தப் பெயருக்கு என்ன வேண்டும் என்று கேட்ட பிறகுதான் இலாகாக்களைக் கூப்பிட்டார்கள்.

7. யார் எழுதுவது, எதை எழுதுவது

அவையோரே, ஒருங்கிணைப்பு என்ற சொல் கூட்டங்களில் தேய்ந்துபோயிருக்கிறது. கூட்டம் போடுவதற்கு முன் எழுத்து வேலை இருக்கிறது.

எழுதக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். தோட்டம் போன பிறகும் ஆட்கள் திரும்பி வரும் இடம் ஒன்று உண்டு, அது கோயில். ஆடித் திருவிழாவுக்கோ தீமிதிக்கோ பழைய தோட்டத்து அம்மன் கோயிலுக்கு ரவாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அந்த ஒரு நாள், வேறெந்த அலுவலகத்துக்கும் கிட்டாத பெரட்டு. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கு எந்தப் பிள்ளையின் முகவரி ஓராண்டில் மூன்று முறை மாறியது என்று தெரியும். வீடு ஆட்டம் காண்பதன் முதல் அடையாளம் அதுதான். மாநில அரசு நியமித்த இந்தியச் சமூகத் தலைவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சங்கத்தின் மூத்த உறுப்பினர்களும் பழைய கிராணிமார்களும் இருக்கிறார்கள். செக்ரோல் பெயர்கள் இன்னும் மனப்பாடமாய் உள்ளவர்கள் அவர்களில் உண்டு. அந்தத் தலைமுறை போய்விட்டால் அந்தப் பட்டியலும் போய்விடும். ஆகவே காலம் அதிகம் இல்லை.

ஓர் எச்சரிக்கை. பட்டியல் என்பது அதிகாரமும்கூட. பழைய செக்ரோல் துரையின் கையில் இருந்தது. புதிய ஏடு எந்தக் கட்சி அலுவலகத்திலும் இருக்கக் கூடாது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் பெயரை எழுதக் கூடாது. எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அடிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு இலாகாக்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால் இந்த ஒழுங்கை நாமேதான் விதித்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் இடம் பெஸ்தாரி ஜெயாவாகவே இருக்கட்டும். 245 வீடுகளுக்குப் பெயர் உள்ளவர்களை விட்டுவிடலாம். அந்த ஐந்து தோட்டங்களிலிருந்து முன்பே வெளியேறியவர்களையும், பட்டியலில் உள்ள குடும்பங்களில் பிறந்து இன்று தனிக்குடும்பமாகிவிட்ட பிள்ளைகளையும் தேட வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெயர், பிறந்த தோட்டம், கடைசியாக இருந்த லயம், இப்போது படுக்கும் இடம், அட்டையின் நிறம், உடல்நிலை, யாரோடு இருக்கிறார், ஏழு கதவுகளில் எதெது திறந்தது, எது மூடியது, எந்தத் தாள் குறைகிறது. கடைசிப் பத்தியில் ஒரு தேதி: அவரை மறுபடி போய்ப் பார்க்க வேண்டிய நாள். அதற்குப் பக்கத்தில், போகப்போகிறவரின் கையெழுத்து.